ஒரே கதவு எண், நான்கு அடுப்புகள்: வாடகைக் குடும்பங்களுக்கு அரசு வீடு எட்டாமல் போவது ஏன்?

சென்னை மண்ணடியிலும், கோவை கோட்டைமேட்டிலும், நெல்லை மேலப்பாளையத்திலும், திருச்சி பாலக்கரையிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வாசலில் ஒரே கதவு எண். நடையைத் தாண்டி உள்ளே போனால் வரிசையாக நான்கு போர்ஷன்கள். நான்கு அடுப்புகள், ஒரு கழிப்பறை, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரே மின்மீட்டர். ஒரு போர்ஷனில் வீட்டுக்காரரின் தம்பி குடும்பம். அடுத்ததில் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் ஒருவர், மனைவி, மூன்று பிள்ளைகள். இன்னொன்றில் தலாக் ஆகித் தாய் வீட்டுக்குத் திரும்பிய பெண், அவருடைய உம்மாவுடன். கடைசி அறையில் கிராமத்திலிருந்து பிழைப்புக்கு வந்த இரண்டு சகோதரர்கள்.

இவர்களில் யாருக்கும் சொந்த வீடு இல்லை. அரசு தரும் வீட்டுவசதித் திட்டங்கள் இவர்களைப் போன்றவர்களை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. ஆனால் விண்ணப்பிக்கப் போனால், “இந்த முகவரியில் ஏற்கெனவே ஒரு கார்டு இருக்கே?”, “உங்க அத்தாவுக்கு வீடு இருக்கே?”, “வாடகைப் பத்திரம் எங்கே?” என்ற மூன்று கேள்விகள் காத்திருக்கின்றன. பதில் தெரியாமல் பலர் திரும்பி விடுகிறார்கள். “நமக்கெல்லாம் கிடைக்காது” என்று முடிவும் கட்டி விடுகிறார்கள்.

உண்மையில் சட்டம் இவர்களைத் தள்ளி வைக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் வாழ்வது எந்தத் திட்டத்திலும் தகுதிக் குறைவு அல்ல. அவர்களைத் தடுப்பது, தனிக் குடும்பம் என்று காட்ட ஒரு காகிதமும் கையில் இல்லாத நிலை. அந்தக் காகிதம் இல்லாமல் போனதில் அரசு அலுவலகங்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, நம் வீட்டுக்காரர்களுக்கும் ஜமாஅத்துகளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

குடும்பம் என்றால் யார்?

பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு இரண்டாம் கட்டமாக 2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஐந்து ஆண்டுகளில் 1 கோடி நகர்ப்புறக் குடும்பங்களுக்கு உதவுவது இதன் இலக்கு. இந்தத் திட்டத்தில் குடும்பம் என்பது கணவன், மனைவி, திருமணமாகாத மகன்கள், மகள்கள் மட்டுமே. திருமணமான மகன் தனிக் குடும்பம். ஒரே வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள் மனைவி மக்களோடு இருந்தால் அது மூன்று குடும்பம்.

ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை இருந்தால் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு. 3 முதல் 6 லட்சம் வரை குறைந்த வருவாய்ப் பிரிவு. 6 முதல் 9 லட்சம் வரை நடுத்தர வருவாய்ப் பிரிவு. இந்தக் குடும்பத்தில் உள்ள யார் பெயரிலும் இந்தியாவில் எங்கும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. கடந்த 20 ஆண்டுகளில் எந்த அரசு வீட்டுவசதித் திட்டத்திலும் பயன் பெற்றிருக்கக் கூடாது. விதவைகள், தனித்து வாழும் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், முதியோர், சாலையோர வியாபாரிகள், கட்டுமானத் தொழிலாளர்கள் ஆகியோருடன் சிறுபான்மையினரும் முன்னுரிமை தரப்பட வேண்டியவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள்.

விண்ணப்பிக்கக் கேட்கப்படுபவை குடும்பத்தினர் அனைவரின் ஆதார், ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு, வருமானச் சான்று, சாதி அல்லது சமூகச் சான்று, சொந்த மனையில் கட்டுவதாக இருந்தால் மனைப் பத்திரம். தனிக் கதவு எண் வேண்டும் என்றோ, முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்திருக்க வேண்டும் என்றோ நிபந்தனை இல்லை.

இடநெருக்கடியில் வாழ்வதும் வீடற்ற நிலையின் ஒரு வடிவம்தான் என்பதை அரசு அமைத்த நிபுணர் குழுவே சொல்லியிருக்கிறது. பேராசிரியர் அமிதாப் குண்டு தலைமையிலான தொழில்நுட்பக் குழு 2012இல் நாட்டின் நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1 கோடியே 87.8 லட்சம் என மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ 1.5 கோடி, அதாவது ஐந்தில் நான்கு பங்கு, இட நெருக்கடியால் உண்டான பற்றாக்குறை. சாலையோரத்தில் படுத்திருப்போரால் வந்தது சுமார் 5 லட்சம்தான். எனவே நாட்டின் வீட்டுப் பிரச்சினையின் பெரும்பகுதி, வெளியே கண்ணுக்குத் தெரியாமல் ஒரே கதவு எண்ணுக்குள் அடைந்து கிடக்கிறது.

முஸ்லிம்களுக்கு இந்த நெருக்கடி இன்னும் அதிகம். தமிழக முஸ்லிம்களில் பெரும்பாலோர் நகரங்களில் வாழ்பவர்கள். மற்ற பகுதிகளில் வாடகைக்கு வீடு தேடும்போது பெயரைக் கேட்டதும் கதவு சாத்தப்படுவது பலருக்கும் நேர்ந்த அனுபவம். முஸ்லிம்கள் வீடு வாங்குவதிலும் வாடகைக்குப் பிடிப்பதிலும் சந்திக்கும் பாகுபாட்டை 2006இல் வெளியான சச்சார் குழு அறிக்கையும் பதிவு செய்தது. பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் அருகில், தெரிந்தவர் வீட்டில், கிடைத்த அறையில் ஒண்டிக் கொள்வதே பலருக்கு வழியாகிப் போனது.

நான்கு வழிகளில் எது நமக்கு?

இந்தத் திட்டத்தில் நான்கு பிரிவுகள் உள்ளன. நால்வருக்கும் ஒரே பதில் பொருந்தாது என்பதால் தனித்தனியே பார்ப்போம்.

முதலாவது, சொந்த மனை வைத்திருப்பவர் வீடு கட்டிக் கொள்ள உதவி. தமிழ்நாட்டில் மத்திய அரசின் பங்கு வீட்டுக்கு 1.50 லட்சம் ரூபாய். மாநிலத்தின் பங்கு தனி. மனையே இல்லாத வாடகைக் குடும்பத்துக்கு இது பயன்படாது. ஊரில் தன் பெயரில் ஒரு துண்டு மனை இருந்து, அது நகராட்சி அல்லது பேரூராட்சி எல்லைக்குள் வந்தால் மட்டும் யோசிக்கலாம். ஊராட்சிப் பகுதி என்றால் மாநில அரசின் கலைஞர் கனவு இல்லம் போன்ற கிராமப்புறத் திட்டங்களைத்தான் பார்க்க வேண்டும். அதில் வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தரப்படுகிறது என்றாலும் அது குடிசையில் வாழ்வோருக்கானது. நகரத்தில் ஒண்டுக் குடித்தனம் இருப்பவருக்குப் பொருந்தாது.

இரண்டாவது, வட்டி மானியம். 35 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீட்டுக்கு 25 லட்சம் வரை வங்கிக் கடன் வாங்கினால், முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய், ஐந்து ஆண்டுத் தவணைகளில் கடன் கணக்கில் வரவு வைக்கப்படும். மாதச் சம்பளம் வாங்கும் நடுத்தரக் குடும்பங்களை இழுப்பது இந்தப் பிரிவுதான்.

நம் குடும்பங்களில் பலர் தயங்கி நிற்பதும் இங்கேதான். வட்டி ஹராம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. நிர்ப்பந்த நிலை பற்றிய கேள்விகளை அவரவர் நம்பும் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிய வேண்டும். கொள்கை அளவில் ஒன்றைச் சொல்லலாம்: நடுத்தர வருவாய்ப் பிரிவினருக்கு இந்தத் திட்டத்தில் திறந்திருக்கும் வழி வட்டிக் கடன் ஒன்றுதான். வட்டியை விட்டு விலகி நிற்கும் குடும்பத்துக்கு அந்த வழியும் இல்லை. வட்டியில்லா வங்கிச் சேவைக்குத் தனிச் சாளரம் திறக்கும் யோசனையை ரிசர்வ் வங்கி 2017இல் கைவிட்டது. மானியத்தை வட்டியோடு கட்டாமல் வீட்டு விலையிலேயே கழித்துத் தாருங்கள் என்ற கோரிக்கையை நம் மக்கள் பிரதிநிதிகள் இதுவரை உரக்க எழுப்பவில்லை. மார்க்கத்தை மீறச் சொல்லாமல் மானியம் பெற வழி கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

மூன்றாவது, அரசு அமைப்புகளோ தனியாரோ கட்டும் மலிவு விலை அடுக்குமாடி வீடு. நலிந்த பிரிவினருக்கானது. தமிழ்நாட்டில் இதைப் பெரும்பாலும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் செய்கிறது. 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் பெயர் மாறிய அதே வாரியம். மனையும் இல்லை, வட்டிக் கடனும் வேண்டாம் என்றிருக்கும் வாடகைக் குடும்பத்துக்கு உண்மையில் பொருந்துவது இந்த வழி. மத்திய, மாநில அரசுகளின் மானியம் போக மீதியைப் பயனாளி செலுத்த வேண்டும். தொகை திட்டப் பகுதிக்கு ஏற்ப மாறும்; லட்சங்களில் வரும். அந்தத் தொகையைப் புரட்ட முடியாமல் ஒதுக்கீட்டைக் கைவிடுவோரும், வட்டிக்கு வாங்கிக் கட்டுவோரும் உண்டு. ஜமாஅத்துகள் கவனிக்க வேண்டிய இடம் இது, பின்னால் வருகிறேன்.

நான்காவது, மலிவு வாடகை வீடு. புலம்பெயர்ந்த தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள், வேலைக்குப் போகும் பெண்கள் போன்றோரை நோக்கியது. நடைமுறையில் இவ்வகை முயற்சிகள் குடும்பங்களை விடத் தனி ஆட்களுக்கே அதிகம் பயன்படுகின்றன. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் பிரம்மாண்ட விடுதியைத் தமிழக அரசு திறந்தது. பிள்ளைகளோடு ஒரே அறையில் வாடகை கொடுத்து வாழும் குடும்பத்துக்கு இதற்கு நிகராக ஒன்று இன்னும் வரவில்லை.

அத்தாவின் வீடு மகனின் வீடா?

கூட்டாக வாழும் குடும்பங்கள் அதிகம் குழம்புவது இந்தக் கேள்வியில். “உங்க அத்தா பெயரில் வீடு இருக்கிறது, நீங்கள் வீடற்றவர் இல்லை” என்று சொல்லப்பட்டால் என்ன பதில் சொல்வது?

முஸ்லிம் தனியார் சட்டப்படி தந்தை உயிரோடு இருக்கும்வரை அவருடைய சொத்தில் பிள்ளைகளுக்குப் பிறப்புரிமை கிடையாது. வாரிசுரிமை அவர் மறைந்த பிறகே பிறக்கிறது. எனவே அத்தா வீட்டின் ஓர் அறையில் மனைவி மக்களோடு குடியிருக்கும் மகனுக்கு அந்த வீட்டில் உரிமை இல்லை. திருமணமானவர் என்பதால் திட்ட விதிப்படி அவர் தனிக் குடும்பம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவர் விண்ணப்பிக்கத் தகுதியானவர். இதைப் பணிவாக, எழுத்துப்பூர்வமாக மனுவிலேயே குறிப்பிடலாம்.

இதே சட்டத்துக்கு மறுபக்கமும் உண்டு. தந்தை மவுத்தான நொடியிலேயே வாரிசுகள் அனைவருக்கும் அவரவர் பங்கு வந்து சேர்கிறது. பாகம் பிரித்துப் பத்திரம் போடவில்லை என்பதால் பங்கு இல்லை என்று ஆகிவிடாது. பல குடும்பங்களில் அத்தா மறைந்து இருபது ஆண்டுகள் ஆனபின்னும் வீடு அவர் பெயரிலேயே இருக்கும். அக்கா தங்கைகளுக்கு ஒரு செங்கல் கூடப் போயிருக்காது. இந்நிலையில் “எனக்கு எங்கும் வீடு இல்லை” என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திடுவது பொய்யாகி விடும் ஆபத்து இருக்கிறது. பொய் உறுதிமொழி சட்டப்படியும் குற்றம், மார்க்கப்படியும் பாவம். பாகப்பிரிவினையை அல்லாஹ் விதித்தபடி காலத்தில் முடித்து, பங்கை விட்டுக் கொடுத்தவர் அதை முறையாகப் பதிவு செய்தால் யாருக்கு வீடு உண்டு, யாருக்கு இல்லை என்பது தெளிவாகும். சகோதரிகளின் ஹக்கும் கைக்குச் சேரும்.

இன்னொன்று: காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. மனைவி பெயரில் வீடு இருந்தால் கணவன் வெளியூரில் ஒண்டிக் குடியிருந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு வீடு இருப்பதாகவே கணக்கு. இதை மறைத்து விண்ணப்பிக்கக் கூடாது.

ரேஷன் கார்டுதான் முதல் வாசல்

தமிழ்நாட்டில் நடைமுறையில் குடும்பத்தைத் தீர்மானிப்பது குடும்ப அட்டை. மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவருக்குத்தான். ஒரே அட்டையில் மூன்று மருமகள்கள் இருந்தால் ஒருவருக்கு மட்டுமே வாய்ப்பு. வீட்டுக்கான விசாரணைக்கு வரும் அலுவலரும் முதலில் கேட்பது கார்டைத்தான். திருமணமான மகனின் பெயர் இன்னும் அத்தா கார்டில் இருந்தால், விதி என்ன சொன்னாலும் அவர் அத்தா குடும்பத்தின் ஆளாகவே பார்க்கப்படுவார்.

தனி அட்டைக்குத் தேவை தனி வீடு அல்ல, தனிச் சமையல். ஒரே கதவு எண்ணுக்குள் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு அட்டைக்கு இடமுண்டு. பழைய அட்டையில் பெயர் நீக்கம் செய்து, குடும்பத்தினரின் ஆதார், முகவரிச் சான்றுடன் பொது விநியோகத் துறையின் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். அலுவலர் நேரில் வந்து அடுப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். உண்மையில் தனியாகச் சமைப்பவர்கள் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. சேர்ந்து சமைப்பவர்கள் கார்டுக்காகப் பொய்யாக அடுப்பு வைத்துக் காட்டக் கூடாது.

முகவரிச் சான்று என்றதும்தான் சிக்கல் ஆரம்பம். மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில். வீட்டு வரி ரசீதும் அவர் பெயரில். இந்தக் குடும்பம் பத்து வருடமாக அங்கே இருந்ததற்கு எழுத்தில் அடையாளமே இல்லை. மின்சாரத்திலும் இழப்பு உண்டு. தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். நான்கு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் நால்வருக்கும் சேர்த்து அந்த 100 தான். மேலே போகும் யூனிட்டுகள் உயர்ந்த கட்டண அடுக்கில் ஏறும். வீட்டுக்காரர் சொல்லும் விலையைத்தான் குடியிருப்பவர் கொடுக்கிறார். ஏழைக்கென்று வந்த சலுகை, ஏழைகள் சேர்ந்து வாழ்வதாலேயே சுருங்கிப் போகிறது.

எழுதாத வாடகை

வாடகைக்கு என்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவு எண் பெற வேண்டும். இதற்கென இணையதளமும் உள்ளது. கொடுக்கும் வாடகைக்கு ரசீது கேட்பது குடியிருப்பவரின் உரிமை.

பங்கிட்டு வாழ்வோர் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. ஒருவர் முழு வீட்டையும் எடுத்து, வாடகைச் சுமையைக் குறைக்க ஓர் அறையை இன்னொருவருக்கு விடுவது நம்மிடையே சகஜம். வீட்டு உரிமையாளரின் எழுத்துப்பூர்வ இசைவு இல்லாமல் இப்படி உள்வாடகைக்கு விட முடியாது. அந்த இசைவு இல்லாதபோது, அறையில் இருப்பவர் சட்டத்தின் கண்ணில் அங்கே இல்லவே இல்லை. வாரிய வீட்டை ஒதுக்கீடு பெற்றவர் அதை வாடகைக்கு விட்டு, அதில் குடியிருப்போரின் கதையும் இதுதான். அந்த வாடகையே விதிமீறல் என்பதால் அவர்களுக்கு யாரும் ஒப்பந்தம் எழுதித் தர மாட்டார்கள்.

ஒத்திக்கு இருப்போர் நிலையும் கவலைக்குரியது. சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் இருப்பது பல ஊர்களில் வழக்கம். கொடுத்த பணத்துக்குப் பலன் அனுபவிப்பது கூடுமா என்ற மார்க்கக் கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். பல நேரங்களில் அந்த லட்சங்கள் ஒரு சாதாரணத் தாளில், சில நேரம் வாய்ச் சொல்லில் நிற்கின்றன. வீடு விற்கப்பட்டாலோ வீட்டுக்காரர் மவுத்தானாலோ குடியிருப்பவர் பணத்துக்கும் அலைய வேண்டும், முகவரிக்கும் அலைய வேண்டும்.

கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதி வைக்கச் சொல்லும் 2:282 வசனம் திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். தொழுகைக்கு முன்வரிசையில் நிற்கும் நம் வீட்டுக்காரர்கள் சிலர் வாடகை ஒப்பந்தம் என்றதும் முகம் சுளிப்பது ஏன்? வரி கூடிவிடும் என்ற அச்சம். எழுதிக் கொடுத்தால் குடியிருப்பவர் வீட்டைப் பிடித்துக் கொள்வார் என்ற பயம். இரண்டாவது பயத்துக்கு ஆதாரமில்லை. காலமும் நிபந்தனையும் தெளிவாக எழுதப்பட்ட ஒப்பந்தம் வீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு. எழுத மறுப்பதால் அவருக்கு மிச்சமாவது கொஞ்சம்; ஒரு குடும்பம் இழப்பதோ அரசு வீடு ஒன்று.

உம்மா வீட்டுக்குத் திரும்பிய பெண்

பங்கிட்ட வீடுகளில் மிகவும் மறைந்து போகிறவர்கள் விதவைகளும் மணமுறிவுக்குப் பின் பெற்றோர் வீட்டில் ஓர் அறையில் இருக்கும் பெண்களும். திட்டத்தில் முன்னுரிமை இவர்களுக்கே. வீட்டைக் குடும்பத்தின் பெண் பெயரிலோ கணவன் மனைவி கூட்டுப் பெயரிலோ தர வேண்டும் என்பதும் விதி. ஆனால் பலரின் பெயர் இன்னும் முன்னாள் கணவரின் குடும்ப அட்டையில் கிடக்கிறது. அல்லது தந்தையின் அட்டையில் மகள் என்று திரும்பச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

விதவைக்கு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் போதும். மணமுறிவு நடந்தவருக்கே சிரமம் அதிகம். ஜமாஅத்தோ காஜியோ தரும் தலாக், குலா கடிதத்தை மட்டும் அலுவலகங்களில் நம்பியிருக்க முடியாது. அப்படிப்பட்ட சான்றுகளுக்குச் சட்ட வலிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017இலும் 2023இலும் கூறியிருக்கிறது. குடும்பநல நீதிமன்றத்தில் அறிவிப்பு ஆணை பெற்றுக் கொள்வது நல்லது. கணவன் கைவிட்டுப் போன பெண்ணுக்கு வருவாய்த் துறை தனிச் சான்றிதழ் தருகிறது; இ-சேவை மையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். மணமுறிவைப் பேசி முடிக்க ஒன்றுகூடும் ஜமாஅத் நிர்வாகிகள், அந்தப் பெண் அதற்குப் பிறகு எங்கே குடியிருப்பார், எந்தக் கார்டில் இருப்பார் என்பதையும் அதே அமர்வில் பேசி முடிக்க வேண்டும்.

கொள்கையில் உள்ள ஓட்டை

காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு குறை மீதம் இருக்கும். இந்திய வீட்டுவசதிக் கொள்கை ஏறக்குறைய முழுவதும் வீட்டை உடைமையாக்குவதைச் சுற்றியே சுழல்கிறது. மாதாமாதம் வாடகை கொடுத்துத் திணறும் ஏழைக் குடும்பத்துக்கு வாடகை உதவி என்று எதுவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், வாடகைக்காக அரசு தரும் பெரிய சலுகை வருமான வரியில் உள்ள வீட்டு வாடகைப்படி விலக்கு. அதுவும் பழைய வரி முறையில் இருக்கும் சம்பளக்காரர்களுக்கு. வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவருக்கு வாடகைச் சலுகை, தள்ளுவண்டிக்காரருக்கு இல்லை.

வாடகை உதவி தரும் நாடுகளிலும் பங்கிட்டு வாழ்வோருக்குச் சிக்கல் இல்லாமல் இல்லை. பிரிட்டனில் குறைந்த வருமானத்தாருக்கு அரசு வாடகை உதவி தருகிறது. தனியார் வீட்டில் இருக்கும் 35 வயதுக்குட்பட்ட தனி நபருக்கோ, சில விதிவிலக்குகள் தவிர, பங்கிட்ட வீட்டில் ஓர் அறைக்கான தொகை மட்டுமே. 2012 வரை 25 ஆக இருந்த வயது வரம்பை 35 ஆக உயர்த்தினார்கள். அங்கே அரசு அறையைக் கணக்கெடுத்துக் குறைவாகத் தருகிறது. இங்கே அறையில் வாழ்பவர் கணக்கிலேயே வருவதில்லை. ஆள் கணக்கில் வந்தால்தான் கூட்டிக் கேட்கவும் முடியும்.

மஹல்லா என்ன செய்யலாம்?

முதலில், கணக்கெடுப்பு. ஒவ்வொரு ஜமாஅத்திலும் சந்தா ஏடு இருக்கிறது. அதில் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர் பெயர்கள்தான் இருக்கும். அதோடு மஹல்லாவில் வாடகைக்கும் ஒத்திக்கும் இருக்கும் குடும்பங்கள் எத்தனை, யாரிடம் தனி அட்டை இல்லை, யாரிடம் ஒப்பந்தம் இல்லை என்று ஒரு பட்டியல் எடுத்தால் பாதி வேலை முடிந்தது. படித்த நான்கு இளைஞர்கள் போதும்.

இரண்டாவது, ஜமாஅத்தே வீட்டுக்காரராக இருக்கும் இடங்கள். பள்ளிவாசலுக்குச் சொந்தமான லைன் வீடுகளில் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் இருக்கின்றன. வக்ஃபு சொத்துகளுக்கு விதிகள் தனி. ஆனாலும் வாடகைக்கு ரசீதும், குடியிருப்பதற்கு எழுத்தில் ஒரு சான்றும் தருவது நிர்வாகத்தின் கடமை. பள்ளிவாசலே எழுதித் தரத் தயங்கினால் மற்ற வீட்டுக்காரர்களிடம் எப்படிச் சொல்ல முடியும்?

மூன்றாவது, பைத்துல்மால். வாரிய வீடு ஒதுக்கீடாகியும் பயனாளி பங்குத் தொகை கட்ட முடியாத குடும்பத்துக்கு வட்டியில்லா அழகிய கடன் கொடுப்பதை விடப் பொருத்தமான செலவு எது? ரமலானில் புடவையும் அரிசியும் கொடுப்பது நன்மைதான். அதோடு ஆண்டுக்கு இரண்டு குடும்பத்தையாவது வட்டியின் பக்கம் போகவிடாமல் சொந்த வீட்டுக்குள் குடியேற்ற முடியுமானால் அதன் பலன் பிள்ளைகள் காலம் வரை நீளும். ஜகாத் நிதியை இதில் எந்த அளவுக்கு, யாருக்குப் பயன்படுத்தலாம் என்பதை ஆலிம்களைக் கலந்து முடிவு செய்யலாம்.

நான்காவது, ஜும்ஆவுக்குப் பின் ஓர் உதவி மேசை. ஆதார் முகவரித் திருத்தம், வருமானச் சான்று, அட்டைப் பெயர் நீக்கம், வீட்டு விண்ணப்பம். இவற்றைச் செய்து தர இடைத்தரகர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கும் ஊர்கள் உண்டு. விண்ணப்பத்தை இணையதளத்தில் நேரடியாகவே செய்யலாம்.

வீடுகளை மனிதர் அமைதி பெறும் இடமாக ஆக்கியதைத் தன் அருட்கொடைகளில் ஒன்றாக அல்லாஹ் திருக்குர்ஆன் 16:80இல் சொல்லிக் காட்டுகிறான். ஒரே கழிப்பறைக்கு நான்கு குடும்பம் வரிசையில் நிற்கும் வீட்டில், வயது வந்த பெண் பிள்ளைக்கு உடை மாற்ற ஒரு மறைவு இல்லாத அறையில், அந்த அமைதி எங்கிருந்து வரும்?

இந்த வாரம் செய்யக் கூடியது எளிது. வாடகைக்கு இருப்பவர் தன் குடும்ப அட்டையை எடுத்து அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கட்டும். வீட்டுக்காரர் தன் குடியிருப்பாளரைக் கூப்பிட்டு, வாருங்கள், ஒப்பந்தம் எழுதி விடுவோம் என்று சொல்லட்டும். விதியில் இடம் இருக்கிறது. அந்த இடத்துக்கு நம் ஏழைக் குடும்பங்களைக் கொண்டு சேர்ப்பது நம் கையில் இருக்கிறது, இன்ஷா அல்லாஹ்.